ஓர் உரப்பை நிறைய புரூஸ் லீக்கள்

2024 மார்கழி மாதத்தில் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர் என் பழைய நண்பர் ஒருவரின் மகன். தந்தையார் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது என்றும், வீட்டை விற்பதற்கு முன்னர் நிலக்கீழ் அறையை ஒதுக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அங்கே சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருக்கும் வீடியோ கசெட்டுகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அங்கிள், குப்பைக்குப் போடுவம் எண்டுதான் இருந்தனான். ஆனா அமெரிக்காவிலயிருந்து ஒருத்தர் ரெண்டு தரம் கடிதம் போட்டிட்டார். எல்லாத்தையும் அப்பிடியே தான் எடுக்கிறாராம். இதுக்குள்ள அப்பிடி என்ன இருக்கு?"

தொலைபேசியில் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் பொறும் தம்பி, ஒன்றையும் எறிஞ்சு போடாதேயும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பதிலை இங்கே எழுத முயல்கிறேன். எழுத வேண்டிய கடமையும் எனக்குண்டு. ஏனெனில் அந்தக் கசெட்டுகளைக் குப்பை என்று முதன்முதலில் அச்சில் எழுதியவன் நான்தான்.

நண்பர் என்று சொன்னாலும் அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளி இருந்தவர். ஒழுங்கைப் பெடியன்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. இங்கும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில், நகரில் ஆங்கிலப் படங்கள் ஓடும் தியேட்டருக்கு எங்களைக் கூட்டிச் சென்று 'என்டர் த ட்ராகன்' காட்டியவர் அவர். கலரியில் இருந்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்தோம். மறுநாளே பூவரசந்தடியை இரண்டாக வெட்டி, நாய்ச் சங்கிலியால் தொடுத்து, ஆளுக்கொரு நுஞ்சாக்கு செய்தோம். அந்த வாரம் ஒழுங்கையில் தலை வீங்காத பெடியன் ஒருவனும் இல்லை.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்த வேளையில் புரூஸ் லீ உயிரோடு இல்லை. 1973 ஜூலை 20 ஆம் திகதி ஹொங்கொங்கில் அவர் இறந்தபோது வயது 32. வளர்ந்த பின்னர் கதாநாயகனாக அவர் நடித்து முடித்த குங்பூ படங்கள் நான்கே நான்கு. 1971 இல் ஒன்று, 1972 இல் இரண்டு, 1973 இல் ஒன்று. உலகம் முழுவதும் தியேட்டர்களின் முன்னால் கூட்டம் நிற்கிறது. காட்டுவதற்குப் படம் இல்லை. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் சிறிய சிறிய கம்பனிகள் புறப்பட்டன. தாய்வானைச் சேர்ந்த ஹோ சுங்-தாவோ என்ற நடிகருக்கு 'புரூஸ் லி' என்று பெயர் சூட்டினார்கள். பர்மாவில் பிறந்த இன்னொருவர் 'புரூஸ் லே' ஆனார். கொரியாவிலிருந்து ஒருவர் 'ட்ராகன் லீ' ஆக வந்தார். சுவரொட்டியில் பெயரின் கடைசி எழுத்தைச் சிறிதாகப் போட்டுவிட்டால், அவசரத்தில் பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான். 1977 இல் வந்த 'த ட்ராகன் லிவ்ஸ் அகெய்ன்' என்ற படத்தில் செத்துப்போன புரூஸ் லீ பாதாள உலகத்தில் கண் விழிக்கிறார். அங்கே அவர் ஜேம்ஸ் பொண்டையும் ட்ராகுலாவையும் சந்திக்கிறார்; கீரை தின்னும் பொப்பாய் மாலுமிகூட வருகிறார். இவர்களில் எவருக்கும் உரிமைப் பணம் கொடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த 'த குளோன்ஸ் ஒஃப் புரூஸ் லீ' படத்தில் விஞ்ஞானி ஒருவர் இறந்த புரூஸ் லீயிலிருந்து மூன்று புரூஸ் லீக்களை உற்பத்தி செய்கிறார். நடந்துகொண்டிருந்த வியாபாரத்தை அப்படியே கதையாக்கிவிட்டார்கள்.

சின்னக் கம்பனிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. புரூஸ் லீ பாதியில் விட்டுச் சென்ற 'கேம் ஒஃப் டெத்' படத்தை 1978 இல் முடித்து வெளியிட்ட பெரிய நிறுவனமே, கண்ணாடியில் தெரியும் மாற்று நடிகரின் முகத்தின் மேல் புரூஸ் லீயின் முகப்படத்தை வெட்டி ஒட்டியது; அவருடைய உண்மையான மரணச் சடங்கின் காட்சிகளையும் கதைக்குள் சேர்த்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்து கலரிக்கும் இந்தப் புரூஸ் லீக்கள் வந்தார்கள். முதற்காட்சியிலேயே "இது அவனில்லை!" என்று கூக்குரல் எழும்பும். விசில் பறக்கும். ஆனால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். அடுத்த படத்துக்கும் அதே கூட்டம் வரும். அண்ணை மட்டும் கூக்குரலில் சேராமல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் முற்பகுதியில் அவர் ஒரு வீடியோக் கடை திறந்தார். வாடகைக்குப் போனவை பெரும்பாலும் தமிழ்ப் படங்களே. ஆனால் கடையின் பின்புறத்தில், மேசைக்குப் பின்னால், ஒரு தட்டு முழுவதும் குங்பூ படங்கள் இருந்தன. சிங்கப்பூருக்குப் போய் வருபவர்களிடமும், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வருபவர்களிடமும் காசு கொடுத்து அனுப்பி எடுப்பித்தவை. பெரிய நிறுவனங்களின் படங்கள் அல்ல. பெயர் கேள்விப்படாத கம்பனிகளின் படங்கள். அவற்றை வாடகைக்கு எடுப்பவர்கள் மிகச் சிலர். வரவைவிடச் செலவே அதிகம்.

நான் அப்போது பத்திரிகையில் இளம் உதவி ஆசிரியன். ஞாயிறு பதிப்புக்கு, வீடியோ மோகம் இளைஞரைச் சீரழிப்பது பற்றிச் சூடாக ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். சூடு எனக்கு அந்த வயதில் தாராளமாக இருந்தது. அண்ணையின் கடைத் தட்டையே மனதில் வைத்து எழுதினேன். தலைப்பு 'சீனத்துச் சண்டைக் குப்பைகள்'. நடிப்பில்லை, கதையில்லை, வாய் அசைவுக்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, இவற்றைச் சேர்ப்பவர்கள் மூளையை அடகு வைத்தவர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பெயர் குறிப்பிடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வாசித்த எல்லோருக்கும் யார் என்று தெரிந்தது.

மறுவாரம் கடைக்கு முன்னால் சைக்கிளில் போகும்போது அண்ணை மறித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். தேநீர் வரவழைத்தார். "தம்பி, வசனம் நல்லாய் எழுதியிருக்கிறீர். ஆனா ஒரு படத்தையாவது முழுசாய்ப் பார்த்தனீரோ?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் கடையைப் பூட்டியபின் எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். கதை ஞாபகமில்லை, ஞாபகத்தில் வைக்கக்கூடிய கதையும் அதில் இல்லை. ஒரு கட்டத்தில் மேல் மாடியிலிருந்து ஒருவன் விழுகிறான். கீழே ஒரு மேசை. மேசை உடைகிறது. அண்ணை டெக்கை நிறுத்தி, பின்னால் சுற்றி, மீண்டும் போட்டார். "பாரும். வெட்டு இல்லை. மேலயிருந்து நிலத்தில படும் மட்டும் ஒரே ஷொட். அவன் உண்மையாய் விழுறான் தம்பி. கதை பொய், தாடி பொய், கோயில் மட்டை. விழுற மனிசன் மட்டும் பொய்யில்லை. அவன்ர பேர் முடிவில வாற எழுத்திலகூட இல்லை."

இதுதான் இந்தப் படங்களின் முதற் கவர்ச்சி என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. ஜக்கி சானும் சம்மோ ஹுங்கும் சிறுவயதில் பீகிங் ஒப்பேரா பள்ளியொன்றில் ஆண்டுக்கணக்கில் உடம்பை வளைத்துப் பயின்றவர்கள். அவர்களோடு பயின்று, அவர்களைப் போல் பெயர் பெறாதவர்கள் பலர். சீன ஒப்பேராவுக்கு ரசிகர்கள் குறைந்தபோது, பயின்ற உடம்புகளுக்கு வேலை கொடுத்தது இந்தச் சண்டைப் படங்களே. காசு இல்லாத கம்பனியிடம் அரங்க அமைப்பு இல்லை, நல்ல கமெரா இல்லை, எழுத்தாளனும் இல்லை. இருந்தது இந்த மனிதர்களின் உடம்பு ஒன்றுதான். ஆகவே அதையே காட்டினார்கள். நீளமாக, வெட்டாமல் காட்டினார்கள். 1979 இல் தாய்வானின் ஜோசப் குவோ எடுத்த 'மிஸ்ட்ரி ஒஃப் செஸ் பொக்ஸிங்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனச் சதுரங்கத்தின் நகர்வுகளைக் கொண்டு ஓர் இளைஞனுக்குச் சண்டை பயிற்றுவிக்கும் கதை. சிக்கனமான படம். அதன் இறுதிச் சண்டையைப் பார்த்தவர்கள் சிக்கனத்தை மறந்துவிடுவார்கள்.

அந்தப் படம் நியூயோர்க் வரை போனது. அங்கே 42 ஆவது வீதியில் ஒரு ரிக்கெட்டுக்கு இரண்டு மூன்று படங்கள் காட்டும் மலிவுத் தியேட்டர்கள் இருந்தன. அவற்றில் குங்பூ பார்த்து வளர்ந்த கறுப்பின இளைஞர் சிலர் பின்னர் 'வூ-டாங் கிளான்' என்ற ராப் இசைக் குழுவாயினர். 1993 இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் பெயரே குங்பூ படத்திலிருந்து எடுத்தது. குழுவில் ஒருவர் 'கோஸ்ட்ஃபேஸ் கில்லா' என்று பெயர் வைத்துக்கொண்டார். அது அண்ணை கடையில் தூசி பிடித்துக் கிடந்த அதே செஸ் பொக்ஸிங் படத்து வில்லனின் பெயர். நான் குப்பை என்று எழுதியதை இன்னொரு மூலையில் சில பெடியன்கள் தங்கள் முகவரியாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது கவர்ச்சி துப்பறிதல். இந்தப் படங்களில் எதற்கும் ஒரே பெயர் கிடையாது. புரூஸ் லீயின் சொந்தப் படங்களுக்கே இந்தக் கதி. 'த பிக் பொஸ்' அமெரிக்காவில் 'ஃபிஸ்ட்ஸ் ஒஃப் ஃபியூரி' ஆனது. 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி' என்பது 'த சைனீஸ் கனெக்ஷன்' ஆனது. சின்னக் கம்பனிப் படங்களுக்கு நாட்டுக்கொரு பெயர், கசெட்டுக்கொரு பெயர். உறையில் ஒரு நடிகரின் படம், உள்ளே வேறொருவர். அகலத் திரைக்கு எடுத்த படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவுக்கு வெட்டியதால், சண்டை போடும் இருவரும் திரைக்கு வெளியே நிற்க, நடுவில் மரம் மட்டும் தெரியும். இசையும் இரவல்தான். ஜிம்மி வாங் யூ 1976 இல் எடுத்த 'மாஸ்டர் ஒஃப் த ஃப்ளையிங் கிலொட்டின்' படத்தில் கேட்கும் பின்னணி இசையின் முக்கிய பகுதிகள் ஜேர்மனிய ரொக் குழுக்களின் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தவை. அதே படத்தில் ஓர் இந்திய யோகி வருவார். முகத்துக்குக் கறுப்பு மை பூசிய சீன நடிகர். கைகள் இறப்பர் போல நீளும். எங்கள் ஒழுங்கைப் பெடியன்களுக்கு அவர்தான் விருப்பமான பாத்திரம். எங்களுக்கும் ஓர் ஆள் அந்தப் போட்டியில் இருக்கிறார் என்ற பெருமை. நம்மை அவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பதை யோசிக்கும் வயதல்ல அது.

துப்பறிதலின் உச்சம் கொட்ஃப்ரி ஹோ என்ற இயக்குநரின் படங்கள். எண்பதுகளில் அமெரிக்காவில் நிஞ்சா மோகம் வந்தது. ஹொங்கொங்கின் ஐஎஃப்டி கம்பனி ஒரு வழி கண்டது. தாய்லாந்து, கொரியா, தாய்வான் முதலிய நாடுகளின் படங்களை மலிவாக வாங்குவது, வெள்ளைக்கார நடிகர்களுக்கு வர்ண வர்ண நிஞ்சா உடுப்புப் போட்டுச் சில காட்சிகள் எடுப்பது, இரண்டையும் ஒட்டுவது. ஒரு படத்தின் ஆள் மற்றப் படத்தின் ஆளோடு எப்படிப் பேசுவது? அதற்குத்தான் தொலைபேசி. 1985 இல் வந்த 'நிஞ்சா டெர்மினேட்டர்' படத்தில் நிஞ்சா தலைவர் கார்ஃபீல்ட் பூனை வடிவத்திலான ஒரு தொலைபேசியில் மிகுந்த கம்பீரத்தோடு கட்டளையிடுகிறார். ரிச்சர்ட் ஹரிசன் என்ற அந்த அமெரிக்க நடிகர் சில படங்களுக்கென்று நடித்துக் கொடுத்த காட்சிகளை வெட்டி வெட்டிப் பல படங்களில் சேர்த்துவிட்டார்கள். தான் இத்தனை படங்களில் நடித்திருப்பதை அவரே பிறகுதான் அறிந்தார். அந்த ஒட்டுகளுக்குள் எந்த நாட்டின் எந்தப் படம் புதைந்திருக்கிறது என்று தோண்டி எடுப்பதே சில சேகரிப்பாளர்களின் வாழ்நாள் வேலை.

இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சேர்ப்பவர்களும் உண்டு. நண்பர்களைக் கூட்டி வைத்து, ஒட்டுக் குரலுக்கும் பொய்த் தாடிக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தவறென்று சொல்லமாட்டேன், கார்ஃபீல்ட் தொலைபேசிக்கு நானும் சிரித்தவன்தான். வேறு சிலர் தம்மிடம் இருப்பது இன்னொருவரிடம் இருக்கக்கூடாது என்பதற்காகப் பூட்டி வைப்பார்கள். அண்ணை இரண்டு வகையிலும் சேராதவர். கேட்டவனுக்குக் காசில்லாமலும் கொடுப்பார். கசெட்டைத் திருப்பித் தராதவனை மட்டும் வாழ்நாள் முழுக்க மன்னிக்கமாட்டார்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போனது. அண்ணையின் கடையும் பூட்டப்பட்டது. ஆனால் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எவராவது ஜெனரேற்றர் பிடித்தால், முற்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஏறும். மண்ணெண்ணெய் விற்ற விலையில் விடியும்வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். தமிழ்ப் படங்கள் இரண்டு முடிந்தபின், நடுச்சாமத்துக்குப் பிறகு அண்ணையின் முறை வரும். வெளியே ஷெல் சத்தம், உள்ளே சீனனின் அடிச் சத்தம். சிறுவர்கள் எவருக்கும் ஆங்கிலம் விளங்காது. விளங்கவும் தேவையில்லை. பலவீனனான ஒருவன் அடி வாங்குகிறான், கிழவர் ஒருவரிடம் பயில்கிறான், எழுந்து நிற்கிறான். அந்த முற்றங்களில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் கதை வேண்டியிருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் அனைவரும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை அடையும் முன்னர் நெரிசலில் அண்ணையைக் கண்டேன். அக்காவின் தலையில் சட்டி பானை மூட்டை. பிள்ளைகள் இருவர் கையில் பிடித்தபடி. அண்ணை தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் பின்புறத்தில் ஒரு யூரியா உரப்பை, மேலே பொலித்தீன் சுற்றிக் கட்டியிருந்தது. அரிசி என்றுதான் நினைத்தேன்.

"அரிசியோ? கேளும் தம்பி, அரிசியோ எண்டு கேளும்!" என்று அக்கா அழுகையோடு கத்தினார். "படக் கசெட்டு! ஊர் முழுக்கச் சிரிக்குது!"

உண்மையாகவே பக்கத்தில் நடந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இரவிலும் சிரித்தார்கள். நானும் கேட்டேன்: "என்னண்ணை, இதையே கொண்டு வாறது?"

அவர் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே சொன்னார்: "நல்ல படத்தை ஆரும் வைச்சிருப்பினம் தம்பி. இதை நான் வைச்சிராட்டி ஆர் வைச்சிருக்கிறது?"

நான் என்ன கொண்டுவந்தேன்? சான்றிதழ்களும் இரண்டு சாரமும். பதினேழு ஆண்டுகளாக நான் எழுதியவற்றின் பத்திரிகை நறுக்குகள் ஒரு றங்குப் பெட்டியில் வீட்டில் இருந்தன. பாரமாக இருக்கும், சில நாளில் திரும்பிவிடலாம் என்று விட்டுவிட்டு வந்தேன். திரும்பியபோது வீட்டின் கூரையே இல்லை. நான் வேலை செய்த பத்திரிகையின் பழைய கோவைகளும் அந்த ஆண்டுகளில் சிதறிப்போயின. 1981 இல் 97,000 நூல்களோடு நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர்க்காரன் நான். பிரதி ஒன்றுதான் உள்ளது என்றால் என்ன அர்த்தம் என்பதை அதன் பின்னரும் நான் கற்றிருக்கவில்லை. கசெட் கடைக்காரர் கற்றிருந்தார்.

பின்னர் அவர் வவுனியா, கொழும்பு என்று அலைந்து கனடா சென்றார். 2012 இல் ஒரு கருத்தரங்குக்காக ரொறன்ரோ போனபோது வீட்டுக்கு அழைத்தார். நிலக்கீழ் அறைக்குக் கூட்டிச் சென்றார். உரப்பையில் வந்த 60 கசெட்டுகள் தனித் தட்டில் இருந்தன. மற்றவை அங்கே சீனப் பட்டினத்தில் மூடப்பட்ட வீடியோக் கடைகளிலும், பழம்பொருள் சந்தைகளிலும் வாங்கியவை. தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் இந்த வேட்டை.

"உமக்கொரு சாமான் வைச்சிருக்கிறன்" என்று சொல்லி ஒரு கசெட்டின் மட்டை உறையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்தார். பழுத்து, மடிப்புகளில் கிழியும் நிலையில் இருந்தது. விரித்தேன். 'சீனத்துச் சண்டைக் குப்பைகள்'. கீழே என் பெயர்.

என்னுடைய தொடக்க காலக் கட்டுரைகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பது, நானறிய, அது ஒன்றுதான். நான் இகழ்ந்த பொருளின் உறைக்குள், நான் இகழ்ந்த மனிதர் காப்பாற்றி வைத்திருந்தார். தொண்டை அடைத்தது. தருவீர்களா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "அது அந்தக் கசெட்டோட இருக்க வேணும். வேணுமெண்டால் போட்டோ எடும்." எடுத்துக்கொண்டேன்.

இனி மகனின் கேள்விக்கு வருகிறேன். இதற்குள் அப்படி என்ன இருக்கிறது?

சிறிய கம்பனிகள் தம் படங்களைப் பாதுகாக்கவில்லை. படம் ஓடி முடிந்தால் சுருள் குப்பைக்குப் போகும்; இல்லையேல் ஈரக் காலநிலையில் புளித்து மணத்துச் சுருண்டு போகும். கம்பனியும் இரண்டு மூன்று ஆண்டில் மறைந்துவிடும். ஹொங்கொங் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் கட்டடத்தைத் திறந்ததே 2001 இல்தான். பெரிய நிறுவனமான ஷோ பிரதர்ஸின் 760 படங்களை 2000 ஆம் ஆண்டில் செலெஸ்டியல் நிறுவனம் வாங்கிச் சீராக்கி வெளியிட்டது. அவற்றுக்கு உரிமையாளர் இருந்தார். உரிமையாளர் இல்லாதவற்றுக்கு யார்? அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் திரையரங்கு நிகழ்ச்சிகள் அமைக்கும் டான் ஹால்ஸ்டட் என்பவர், வன்கூவரில் மூடிக்கிடந்த பழைய தியேட்டர் ஒன்றில் குங்பூ படச்சுருள்கள் பெருந்தொகையாகக் கிடப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் போயிராவிட்டால் அவை குப்பை லொறியில் ஏறியிருக்கும். 2023 இல் 'என்டர் த குளோன்ஸ் ஒஃப் புரூஸ்' என்று ஒரு விவரணப் படம் வந்தது. அந்தப் போலிப் புரூஸ் லீக்களைத் தேடிப்பிடித்து, கிழவர்களாகிவிட்ட அவர்களைப் பேச வைத்திருக்கிறார்கள். இன்னொருவரின் பெயரில் வாழ்ந்தவர்களிடம், உங்கள் கதை என்ன என்று ஐம்பது ஆண்டுகளின் பின்னர் ஒருவர் கேட்கிறார்.

பல படங்களுக்கு இன்று எஞ்சியிருப்பது வாடகைக் கசெட்டுப் பிரதி மட்டுமே. அதுவும் ஒன்றில் ஒரு காட்சி இருக்காது, மற்றதில் இன்னொன்று இருக்காது. சேகரிப்பாளர்கள் பல நாட்டுக் கசெட்டுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, துண்டு துண்டாகச் சேர்த்து முழுப் படத்தை மீட்டெடுக்கிறார்கள். ஓலைச்சுவடிகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தவர்கள் செய்த வேலையும் முறையில் இதுதான். காலமும் அதிகமில்லை. காந்த நாடா தானே அழிகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. வீடியோ டெக் உற்பத்தி செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது.

இது சீனப் படங்களின் கதை மட்டுமல்ல. 1931 இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று இல்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலப் பிரதிகளும் எரிந்தன. ஈழத்துத் தமிழ்ப் படங்களை எத்தனை பேர் குப்பை என்று எழுதினோம்? அவற்றை உரப்பையில் கட்ட எத்தனை பேர் இருந்தோம்? நல்லதை வரலாறு தானே காப்பாற்றும் என்று நாங்கள் நம்புகிறோம். வரலாறு எதையும் காப்பாற்றுவதில்லை. யாரோ ஒருவர் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார், அது எஞ்சுகிறது. எது நல்லது என்பதைப் பிறகு வருபவர்கள் தீர்மானிக்கலாம். தீர்மானிப்பதற்குப் பொருள் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சுருக்கி மகனுக்கு எழுதினேன். அவர் கசெட்டுகளை எறியவில்லை. அமெரிக்கரிடம் காசு வாங்கவும் மனமில்லை என்றார். எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு தொகுதியைக் குடும்பத்துக்குத் தரவேண்டும் என்பதே நிபந்தனை. 2025 வைகாசியில் அவர் வான் ஒன்றில் ஒன்பது மணித்தியாலம் ஓடி வந்து, இரண்டு நாள் இருந்து, ஒவ்வொன்றாகக் குறித்து ஏற்றிச் சென்றாராம். உரப்பைக் கசெட்டுகளில் ஒன்றுக்குப் பெயரும் இல்லை, தொடக்கமும் இல்லை. அண்ணை வாழ்நாள் முழுக்கத் தேடியும் அதன் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை. வந்தவரும் கண்டுபிடிக்கவில்லை. அதை மட்டும் வானின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போனாராம். அக்கா வாசலில் நின்று பார்த்தாராம். "சைக்கிளில வந்தது, வானில போகுது" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு மாதத்தின் பின்னர் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம். கசெட் உறையொன்றினுள் அறியாத மொழியில் அச்சிட்ட தாளொன்று இருக்கிறது, அதை எழுதியவர் நீங்கள் என்று மகன் சொன்னார், அந்தப் படங்கள் இலங்கையில் எப்படி வரவேற்கப்பட்டன என்பதற்கு அது ஓர் ஆவணம், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார்.

மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மூளையை அடகு வைத்தவர்கள் என்ற வரியில் பேனா நின்றது. கொஞ்சம் மென்மையாக்கலாமா, தலைப்பையாவது மாற்றலாமா என்று யோசித்தேன். பிறகு மாற்றாமலே அனுப்பினேன். அது கசெட்டோடு இருக்க வேண்டிய சாமான். உள்ளதை உள்ளபடி வைப்பதுதான் அண்ணைக்குப் பிடிக்கும்.